ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்

எங்கள் அலுவலகத்தில் இருபத்தாறு பேர் வேலை பார்க்கிறோம். காலை பதினொரு மணிக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை டீக்கார அம்மா கலாமணி சைக்கிளில் டீ கொண்டுவருவார். இருபத்தைந்து பேருக்குக் கிளாஸ் விளிம்பு வரை ஊற்றுவார். எனக்கு மட்டும் முக்கால் கிளாஸ். போன ஆடி மாதத்திலிருந்து இதுதான் நடக்கிறது. முதலில் கேனில் டீ தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு கவனித்தால், எனக்கு ஊற்றிய கையோடு அடுத்த மேசைக்குப் போய் முழுதாக ஊற்றுகிறார். கேட்டிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிற ஒரு கண்காணிப்பாளர் கால் கிளாஸ் டீக்காக வாயைத் திறந்தால் நன்றாகவா இருக்கும்? மனதுக்குள் கறுவிக்கொண்டே குடித்து வந்தேன்.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. சாலை இடைவெளி ஆணையத்தின் திருப்பூர் அலுவலகத்தில் மனுக்களைப் பார்ப்பது என் வேலை. ஒரு வண்டி சைக்கிளை முந்தும்போது எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதற்கு ஓர் ஆணையம், அதற்கு ஒரு கட்டடம், அதற்குள் நான். பத்து வருடத்துக்கு முன் சட்டம் வந்தபோது ஒன்றரை மீட்டர் என்றார்கள். போலீஸ்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட முடியாது அல்லவா? அதனால் எல்லா வண்டியிலும் ஒரு பெட்டி வைத்தார்கள். எல்லா சைக்கிளின் ஹேண்டில்பாரிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பட்டன். பெட்டி பட்டனைத் தேடும். இடைவெளி குறைந்தால் ஸ்டீயரிங்கை அதுவே ஒடித்துக்கொள்ளும், அல்லது வேகத்தைக் குறைத்துவிடும். முதல் வருடம் இந்த ஊரில் ஒரு சைக்கிள்காரர்கூட அடிபடவில்லை. அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை நினைக்க விருப்பமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைதோறும் நினைத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மனு நாள்.

அந்தச் செவ்வாய் பத்தரை மணிக்கு டோக்கன் எண் நான்கை அழைத்தேன். கலாமணி வந்து நின்றார். கையில் கேன் இல்லை. வலது முழங்கையில் பெரிய கட்டு, கணுக்காலில் பர்னால் பூசிய திட்டு. பின்னாலேயே ஒரு வேன் டிரைவர், முப்பது வயதிருக்கும், தலையைக் குனிந்தபடி வந்தார்.

"உக்காருங்க கலாமணி. என்ன இது கட்டு? நேத்து டீ கொண்டாந்தப்பக்கூட நான் பாக்கலையே."

"நேத்து முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தனுங்க சார். மனு குடுக்கற நாள்ல காட்டிக்கலாம்னு இருந்தேன்."

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை காலை பல்லடம் ரோட்டில் கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கலாமணி வந்திருக்கிறார். பின்னால் பனியன் பீஸ் ஏற்றிய வேன். பிரதாப் என்கிற இந்த டிரைவர் முந்தியபோது வேனின் பக்கக் கண்ணாடி கலாமணியின் முழங்கையில் அடித்தது. சைக்கிள் சாய்ந்தது, கேன் மூடி திறந்து கொதிக்கிற டீ காலில் கொட்டியது. சாய்ந்தது ரோட்டோரமாக. வேன் பக்கம் சாய்ந்திருந்தால் அதன் பின்சக்கரம்.

திரையில் அந்த நிமிடத்தின் பதிவைத் திறந்தேன். முந்தும்போது விட்ட இடைவெளி ஐம்பத்தாறு சென்டிமீட்டர். கலாமணிக்கு விட வேண்டிய இடைவெளி ஐம்பத்தைந்து. ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே விட்டிருக்கிறது பெட்டி. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் விதிமீறல் இல்லை.

"பெட்டி பச்சை காட்டுச்சுங்க சார்," என்றார் பிரதாப். "பச்சை காட்டுனா போயிருவோமுங்க. எட்டிப் பாக்கறதெல்லாம் உட்டு ரொம்ப நாளாச்சு." கலாமணி பக்கம் திரும்பினார். "அக்கா, சத்தியமாச் சொல்றேன். உங்கள நான் பாக்கவே இல்லீங்க்கா."

"அதாம்ப்பா எனக்குக் கஷ்டமா இருக்குது. பாத்துட்டு இடிச்சிருந்தாக்கூட நாலு வார்த்தை திட்டிப்போட்டு உட்டிருப்பேன்."

பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க சார், எனக்கு மட்டும் எதுக்குங்க அம்பத்தஞ்சு? எங்க பக்கத்து ஊட்டுப் புள்ளை காலேஜ் போகுது. அதுக்கு ரெண்டு மீட்டர் தள்ளிப் போறானுங்க. ரோட்டுல என்னைய விட அவ பெரிய மனுசியா?"

இந்தக் கேள்விக்கான பதிலை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மனப்பாடம் ஆகிவிட்டது.

"முன்னாடி எல்லாருக்கும் ஒன்றரை மீட்டர்தாம்மா. அப்ப என்னாச்சு, ரோட்டுல ஒரு சைக்கிள் போனா பின்னாடி அரை மைலுக்கு வண்டி நின்னுது. கன்டெய்னர் நேரத்துக்குத் துறைமுகம் போகல. கம்பெனிக்காரங்க எல்லாம் சேர்ந்து மனுப் போட்டாங்க. அப்பறம் சட்டத்தைத் திருத்துனாங்க. தள்ளாடி ஓட்டறவங்களுக்கு நிறைய இடம், நேரா ஓட்டறவங்களுக்குக் கொஞ்சம் இடம். உங்க சைக்கிள் எவ்வளவு ஆடுதுன்னு அந்தப் பட்டன் பாத்துக்கிட்டே இருக்கும். தொண்ணூறு நாள் சராசரி எடுக்கும். அதுக்குத்தான் ஆட்டப் புள்ளி. உங்க புள்ளி ரெண்டு. இந்த ஜில்லாவுலயே கம்மி."

"அது தெரியுமுங்க. ரெண்டுன்னு எல்லார்த்துகிட்டயும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவர் மட்டுமல்ல. புள்ளி முறை வந்த புதிதில் ஊரே பீற்றிக்கொண்டது. 'என் ஆட்டம் அஞ்சு', 'என் ஆட்டம் மூணு' என்று சைக்கிள் ஸ்டாண்டில் பேச்சு. பனியன் கம்பெனிகள் டீ கொண்டுவர ஆள் வைக்கும்போது புள்ளியைக் கேட்டார்கள். புள்ளி குறைவு என்றால் டீ சிந்தாது. டீக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு நூல் பிடித்த மாதிரி ஓட்டினார்கள். ஒவ்வொரு புள்ளி குறையும்போதும் தங்கள் பக்கத்து இடமும் குறைகிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. லாரிக் காற்று காதில் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

"அப்ப நல்லா ஓட்டறது தப்புங்களா?" என்றார் கலாமணி.

"தப்புன்னு இல்ல. நீங்க ஒரு மூணு மாசம் கொஞ்சம் ஆட்டி ஓட்டுங்க. இடம் தானா கூடும். நிறையப் பேர் அப்படித்தான் செய்யறாங்க."

"கேனக் கட்டிக்கிட்டு ஆட்டி ஓட்டுனா டீ பூராவும் ரோட்டுக்குத்தானுங்க."

"கேன் இல்லாம ஓட்டிப் பாருங்க."

"கேன் இல்லாம நான் எங்கீங்க சார் போறது?"

பிரதாப் தொண்டையைச் செருமினார்.

"சார், அந்த அம்பத்தஞ்சு எங்கிருந்து எங்கங்க?"

"பட்டன்ல இருந்து வண்டியோட உடம்பு வரைக்கும்."

"அப்ப கண்ணாடி?"

"கண்ணாடி கணக்குல வராது."

"என்ற முழங்கைங்க?" என்றார் கலாமணி.

"அதுவும் வராதும்மா."

மூன்று பேரும் அந்தக் கட்டுப் போட்ட முழங்கையைப் பார்த்தோம். தலைமையகத்துக்கு இதை நான் எழுதாமல் இல்லை. ஒன்றரை வருடத்தில் மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. ஒரு வட்டாரத்தில் நாற்பது சம்பவம் பதிவானால் அட்டவணை மறுபரிசீலனை செய்யப்படும். அதுவரை தரவு போதாது. இதையும் அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் இந்த நாற்காலியில் வெகுகாலம் உட்கார்ந்தவனுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதே மறந்துபோகிறது.

"இது எத்தனாவதுங்க?"

"முப்பத்தொண்ணு."

"அப்ப இன்னும் ஒம்பது பேரு உழுகோணும்." அவர் குரலில் கோபமே இல்லை. கேனில் இன்னும் எத்தனை கிளாஸ் இருக்கிறது என்று சொல்கிற அதே குரல். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பேச்சை மாற்ற நினைத்து, என் கெட்ட நேரம், ஒன்று சொன்னேன். "எல்லாருக்கும் இப்படி இல்லம்மா. நானும் தினமும் சைக்கிள்லதான் வர்றேன். எங்களுக்கு அது கட்டாயம். ஆனா வண்டிக்காரங்க என்னைப் பாத்தா எதிர்ப்பக்கத்துக்கே போயிடறாங்க. இடைவெளி ஆபீஸ்காரன்னு பெட்டிக்கே ஒரு மரியாதை."

ஒரு வருடமாக நான் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் சைக்கிளை மிதிக்கும்போது பேருந்துகூட அகலமாக வளைந்து போகும். அரசாங்கத்தில் முப்பத்துநான்கு வருடம் உழைத்ததற்கு இதாவது கிடைத்ததே என்று மிதப்பாக வருவேன்.

"உங்க ஆட்டம் எவ்வளவுங்க சார்?" என்று கேட்டார் பிரதாப்.

திரையில் என் பட்டனின் எண்ணைத் தட்டினேன். அறுபத்தொன்று. விட வேண்டிய இடைவெளி இரண்டு மீட்டர் நாற்பது.

"பாத்தீங்களா? டிபார்ட்மென்ட் சலுகை."

"அப்படி ஒண்ணு இருக்குதுங்களா சார்? எங்க டிரைவருங்களுக்கு அட்டவணை முழுசும் பாடம் எடுத்தாங்க. ஆபீஸருங்களுக்குன்னு அதுல எதுவும் இல்லீங்களே."

இல்லைதான். எனக்குத் தெரியாதா? அந்த அட்டவணையில் ஆபீஸர் என்று ஒரு வரி கிடையாது. ஆடுகிற சைக்கிள், ஆடாத சைக்கிள், அவ்வளவுதான். நான் மேசைக்கு அடியில் என் வலது கையைப் பார்த்தேன். தொடை மேல் சும்மா வைத்திருந்த கை. கட்டைவிரல் தானாக, எதையோ உருட்டுவது மாதிரி அசைந்துகொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்தேன். விட்டதும் மறுபடி அசைந்தது.

கலாமணி மேசைக்கு மேலே எதையோ பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"முக்கால் கிளாஸ்..." என்றேன்.

"ஆமாங்க சார்." மெதுவாகச் சொன்னார். "ஆடி நோம்பிக்கு மொதல் நாள் முழு கிளாஸ் குடுத்தேன். வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள விரல்ல கொட்டிக்கிட்டீங்க. யாரும் பாக்கலைன்னு ஃபைல வெச்சுத் தொடச்சீங்க. அன்னைக்கிருந்து அளவாத்தான் ஊத்தறது. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லலீங்க."

பிரதாப் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நல்ல பிள்ளை.

மனுவின் மேல் 'விதிமீறல் இல்லை, நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு வழி கிடையாது. மாற்றி எழுதினால் இரண்டு நாளில் தலைமையகம் திருத்திவிடும். எழுதும்போதுதான் என் கையெழுத்தைச் சரியாகப் பார்த்தேன். கடைசி எழுத்துகள் எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துப்போயிருந்தன. ஒரு வருடமாக எத்தனை பேருடைய மனுவில் இப்படிப் போட்டிருக்கிறேனோ.

பதினொரு மணிக்கு அதே கலாமணி, கட்டுப் போட்ட கையோடு, கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இருபத்தைந்து பேருக்கு முழு கிளாஸ். எனக்கு முக்கால். அதை முதல்முறையாக நன்றியோடு குடித்தேன்.

அன்று மத்தியானம் முழுக்க ஒரு ஃபைலையும் தொடவில்லை. எந்தப் புள்ளிக்கு எவ்வளவு இடைவெளி என்று சொல்கிற அந்த நாலாம் அட்டவணையை எழுதியவன் நான். திருத்தக் குழுவில் ஒன்பது பேர் இருந்தோம், அட்டவணை மட்டும் என் கைவேலை. குறிப்பில் நான் எழுதிய வாக்கியம்கூட நினைவிருக்கிறது: 'நேராகச் செல்பவருக்கு அதிக இடம் வீண்.' ஐம்பத்தைந்து என்கிற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? என் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்து. அதன் வழியாகத்தான் தினமும் நாற்காலிக்குப் போகிறேன். இவ்வளவு இருந்தால் ஒரு மனிதன் தாராளமாகப் போகலாம் என்று தோன்றியது. டேப் வைத்து அளந்து எழுதினேன். சுவர் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நகராது என்பதை நான் யோசிக்கவில்லை.

நான்கு மணி டீ முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். கலாமணி கேனைக் கேரியரில் வைத்துக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்.

"கலாமணி, உங்க பட்டனையும் என் பட்டனையும் மாத்திக்கலாம்."

கயிறை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்னங்க சார் சொல்றீங்க?"

"புள்ளி பட்டன்லதான் இருக்கு, ஆள்கிட்ட இல்ல. என்னோடத உங்க சைக்கிள்ல போட்டா நாளைக்கே ரெண்டு மீட்டர் நாப்பது விடுவாங்க. நீங்க நேரா ஓட்ட ஓட்ட அது மெதுவாத்தான் இறங்கும். உங்களோடது என்கிட்ட இருந்தா, என் கை ஆடற ஆட்டத்துக்கு அது மெதுவா ஏறும். ரெண்டும் ஒரே அளவுக்கு வர்றப்ப திரும்ப மாத்திக்கலாம்."

"அப்ப அது வரைக்கும் உங்களுக்கு அம்பத்தஞ்சா? இந்தக் கைய வெச்சுக்கிட்டு?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "வேண்டாமுங்க. நான் நேரா ஓட்டத் தெரிஞ்சவ, என்னையே இடிச்சுப்போட்டான். நீங்க ஒரு ஆட்டம் ஆடுனா போதும், முடிஞ்சுது."

"அந்த அட்டவணையை எழுதுனது நான்தாம்மா."

சொல்லிவிட்டேன். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாதது.

"தெரியுமுங்க," என்றார் கலாமணி.

"தெரியுமா?"

"அட்டவணைக்குக் கீழ உங்க பேரு போட்டிருக்குதுங்களே. ஊர்ல டீக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். உங்க ஆபீஸுக்கு டீ கொண்டுபோகாதன்னு என்னைய ஏசுனாங்க."

தெரிந்தும் எனக்கு அளந்து ஊற்றியிருக்கிறார், கை சுடக்கூடாது என்று. நான் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. வயதான காலத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுவது அசிங்கம் என்றும் தோன்றியது.

பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பட்டனின் திருகில் வைக்கப் போனால் நுனி நிற்கவில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் வழுக்கிவிட்டது. கலாமணி அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஒண்ணு சொல்லுவேன், கேப்பீங்களா? இந்த வாரத்துக்குள்ள டாக்டரப் போய்ப் பாக்கோணும். பாக்கறேன்னு சொன்னாத்தான் கழட்டுவேன்."

"பாக்கறேன்."

"அப்பறம் மெயின் ரோட்டுல போகாதீங்க. ஓடக்கரை வழியா சந்துல போங்க."

"நீங்க மெயின் ரோட்டுலதானே போறீங்க?"

அவர் ஹேண்டில்பார் பக்கம் குனிந்தார். இரண்டு பட்டனையும் கழற்றி, இடம் மாற்றி, திருகை இறுக்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டனை மாற்றுவது குற்றம். பிடிபட்டால் எனக்கு ஓய்வூதியம் நிற்கும், அவருக்கு சைக்கிள் போகும்.

மெயின் ரோட்டில்தான் போனேன். முதல் பேருந்து வந்தபோது எனக்கு அதன் சத்தம் வழக்கமான சத்தமாகத்தான் கேட்டது. பிறகு திடீரென்று வலது பக்கம் முழுவதும் தகரம். காற்று என்னைத் தள்ளவில்லை, உள்ளே இழுத்தது. ஹேண்டில்பார் கையோடு சேர்ந்து நடுங்கியது. எது கை, எது சைக்கிள் என்று தெரியவில்லை. பேருந்து ஜன்னல்களில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இறங்கி நின்றுவிட்டேன். டிரைவர் மட்டும் தலையை வெளியே நீட்டி, யோவ் பெருசு, செத்துத் தொலையாத என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் திட்டுவார்கள். திட்டுவதற்காவது பார்க்க வேண்டும்.

மறுபடி ஏறினேன். வீடு வரை எண்ணியதில் முப்பத்தெட்டு வண்டிகள் முந்தின. எல்லாம் விதிப்படி.

மறுநாள் பதினொரு மணிக்குக் கலாமணி வரவில்லை. பதினொன்று ஐந்து. பத்து. பட்டன் மாறியது பெட்டிக்குத் தெரிந்திருக்குமோ, பாதி வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். பதினொன்றே காலுக்கு மாடிப்படியில் கேன் சத்தம் கேட்டது.

"என்னாச்சு?"

"பின்னாடி பெருங்கூட்டம் சேந்துபோச்சுங்க சார். ரெண்டரை மீட்டர் உட்டுப் போக இடமில்லாம நிக்கறானுங்க. ஹாரன் அடிக்கறான், எட்டிப் பாத்துத் திட்டறான். அந்த வேன்காரத் தம்பியும் வந்துது. இறங்கிக் கையாட்டிட்டுப் போச்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. முகத்தில் நான் பார்த்திராத ஒரு சிரிப்பு. "எத்தனை வருசமாச்சுங்க, ரோட்டுல ஒருத்தன் என்னையப் பாத்துத் திட்டி!"

திரையைத் திறந்து என்னிடம் இருக்கிற அவருடைய பட்டனின் கணக்கைப் பார்த்தேன். ஆட்டப் புள்ளி இரண்டிலிருந்து மூன்றாகியிருந்தது. விட வேண்டிய இடைவெளி ஐம்பத்தெட்டு. ஒரு நாளுக்கு மூன்று சென்டிமீட்டர் சம்பாதித்திருக்கிறேன்.

கலாமணி என் மேசைக்கு வந்து கிளாஸை வைத்தார். முக்காலுக்கும் சற்றுக் குறைவாக ஊற்றினார். ஊற்றிவிட்டு என்னை உச்சி முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார், எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று. நான் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் குடித்தேன்.

சாயங்காலம் மறுபடி அந்த ரோட்டில் போக வேண்டும்.